கறுத்த ஈறும் காலியான ஊறுகாய் பாட்டிலும்

‘டாக்டர், எனக்கு 24 வயது. வீட்டில் நன்றாகத்தான் சிரிப்பேன். போட்டோ என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். ஈறு முழுக்கக் கறுப்பு. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். லேசர் வைத்தால் ஈறு ரோஸ் கலரில் மாறிவிடும் என்று தோழி சொல்கிறாள். செய்துகொள்ளலாமா?’

சென்ற வாரம் வந்த கேள்வி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ஆனால், இதே கேள்வியை என் கிளினிக்கில் மாதத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் கல்யாண சீசனில். அதனால் இந்த வாரம் பல் பக்கமே போகாமல், வாய்க்குள் இருக்கும் நிறங்களைப் பற்றியே பேசிவிடலாம்.

வாசகிக்கு முதலில் ஒரு கேள்வி. இந்தக் கறுப்பு சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா? இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியேதானா? ஈறில் ரத்தம், வீக்கம், வலி எதுவும் இல்லையே? வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றால், அது வியாதியே இல்லை. உங்கள் கண்ணின் மணி கறுப்பாக இருப்பதுபோல, ஈறும் கறுப்பு. 

மேல்தோலின் அடிவரிசையிலும், வாயின் உள்சவ்விலும் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற நிறமியைத் தயாரிப்பவை இவைதான். ஸ்வீடன்காரருக்கும் சிவகாசிக்காரருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. நம்முடையவை கூடுதல் சுறுசுறுப்பு, அவ்வளவுதான். வெயில் காயும் ஊரில் அந்தச் சுறுசுறுப்பு நமக்குக் குடை. வாய்க்குள் வெயில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லைதான். ஆனால், தோலுக்கு ஒரு சுபாவம், ஈறுக்கு ஒரு சுபாவம் என்று உடம்பு பிரித்து வைப்பதில்லை. மாநிறம், கறுப்பு என்று இருக்கும் நம் ஊர்க்காரர்களில் ஏராளமானோருக்கு ஈறில் பழுப்போ கறுப்போ பட்டையாக ஓடும். நல்ல சிவந்த நிறம் உள்ளவருக்கும் சில நேரம் இருக்கும்.

ஆக, பிறந்ததிலிருந்து இருக்கும் கறுப்பைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. புதிதாக வந்த கறுப்பு என்றால்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன். ஏன் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, மனைவியோடு வந்தார் ஒரு கொத்தனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, தாங்க முடியாத வலி.

“ஊசியப் போட்டுப் பிடுங்கி விடுங்க டாக்டரம்மா. நாளைக்கு கான்கிரீட் போடணும், ஆளு சொல்லியாச்சு” என்றார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். சொத்தைப் பல் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கன்னத்தின் உள்பக்கம், பேனா மை கொட்டினாற்போல் நீலக்கறுப்புத் திட்டுகள். நாக்கின் ஓரத்திலும் இருந்தன. பீடி? இல்லை. வெற்றிலை, பான் பாக்கு? இல்லை.

“இது எப்ப இருந்துண்ணே இருக்கு?”

“எனக்கு எப்பவும் கறுப்புதானம்மா.”

பக்கத்தில் நின்ற மனைவி உடனே குறுக்கே வந்தார். “இல்லம்மா. மாநிறமாத்தான் இருப்பாரு. இந்த ஏழெட்டு மாசத்துலதான் இப்பிடிக் கருகிப்போனாரு. வெயில்ல நிக்கிறாருன்னு விட்டுட்டோம்.”

“வெயில்ல எத்தன வருஷமா நிக்கிறாரு?”

“கல்யாணத்துக்கு முந்தி இருந்தே நிக்கிறாரு.”

இருபது வருடமாக அதே வெயில்தான். இந்த வருடம் மட்டும் புதிதாக ஏன் கறுக்க வேண்டும்? உள்ளங்கையை விரிக்கச் சொன்னேன். ரேகைகள் ஒவ்வொன்றும் கரிக்கோடு இழுத்ததுபோல் இருந்தன. சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. எட்டு கிலோ குறைந்திருக்கிறாராம். மத்தியானத்துக்கு மேல் சாரத்தில் ஏற முடியவில்லை, தலை சுற்றுகிறது. ரத்த அழுத்தம் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போதே 90க்கு 60. எழுந்து நிற்கச் சொன்னால் இன்னும் கீழே போனது.

“சாப்பாடெல்லாம்?”

“சோறு எறங்க மாட்டேங்குது. ஆனா ஊறுகா பாட்டிலு மட்டும் நாலு நாளுல காலி பண்ணிடறாரு. வெறும் உப்ப அள்ளி நக்குறாரு, டாக்டரம்மா. கேட்டா கோவம் வருது” என்றார் அந்த அம்மா.

பல்லைப் பிடுங்கவில்லை. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, கையோடு ஒரு கடிதமும் கொடுத்து, அன்றைக்கே பொது மருத்துவரைப் பார்க்க அனுப்பினேன். அவருக்கு என் மேல் கோபம். பல்லைப் பிடுங்க வந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

காலை எட்டு மணி ரத்தத்தில் கார்ட்டிசால் மிகக் குறைவு. சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். ஸ்கேனில் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளும் வீங்கியிருந்தன. காரணம், காசநோய். நுரையீரலில் அல்ல, அட்ரீனலில்.

அட்ரீனல் என்பது இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. உடம்புக்கு ஒரு நெருக்கடி என்றால், அது காய்ச்சலோ அடிபட்டதோ பல் பிடுங்குவதோ எதுவானாலும், கார்ட்டிசாலைச் சுரந்து நம்மைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனும் இதிலிருந்துதான் வருகிறது. அது இல்லாமல் உப்பு சிறுநீரில் போய்க்கொண்டே இருந்தது. உடம்பு உப்பைக் கேட்டது. அவர் ஊறுகாயைத் தேடினார்.

சரி, கறுப்பு எப்படி வந்தது? அட்ரீனல் வேலை செய்யாதபோது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சும்மா இருக்காது. ‘சுரந்து தொலை’ என்று ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பும். மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோனும் இந்த ஏ.சி.டி.எச்.சும் ஒரே மூலப்பொருளிலிருந்து வரும் உடன்பிறப்புகள். அட்ரீனலுக்குப் போட்ட சத்தம் மெலனோசைட்டின் காதில் விழுகிறது. அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெயில் படும் இடத்தில் மட்டுமல்ல, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை ரேகை, விரல் மூட்டு, பழைய சட்டை உரசும் இடம் என்று எல்லாம் கறுக்கும். வெயில் கறுப்பு வாய்க்குள் போகாது. இதுதான் வித்தியாசம்.

இந்த நோய்க்கு அடிசன் நோய் என்று பெயர். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855ல் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்களிலும் பலருக்குக் காசநோய்தான் சுரப்பியை அரித்திருந்தது. மேலை நாடுகளில் இன்று, உடம்பின் எதிர்ப்புசக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் முதல் காரணம். நம் நாட்டில் காசநோயை இன்னும் மறக்க முடியாது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடிக்கும் இந்த நோய் இருந்தது. 1947ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். தேர்தல் சமயத்தில் அதை வெளியே விடவில்லை. டி.வி.யில் அவர் முகத்தின் பழுப்பைப் பார்த்தவர்களோ, கடற்கரையில் வெயில் காய்ந்த ஆரோக்கியமான மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள். கொத்தனார் வீட்டில் நினைத்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

அன்று அவர் கேட்டபடி ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கார்ட்டிசால் கையிருப்பு இல்லாத உடம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காமல், ரத்த அழுத்தம் சரிந்து, நாற்காலியிலேயே விபரீதமாகியிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கல்லூரியில் இதை அரைப் பக்கமாகப் படித்தது. என் பிராக்டிஸில் நேரில் கண்டது இந்த ஒருவரைத்தான். உண்மையைச் சொன்னால், மனைவி கூட வராமல் இருந்திருந்தால், ‘எப்பவும் கறுப்புதானம்மா’ என்பதை நானும் நம்பியிருப்பேனோ என்னவோ.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பயப்படாதீர்கள். அடிசன் அபூர்வம். வாய்க்குள் புதுக் கறுப்பு என்றால் நான் வழக்கமாகப் பார்ப்பது வேறு.

முதலில் சிகரெட், பீடி. புகையின் சூட்டுக்கும் நச்சுக்கும் எதிராக மெலனோசைட் போடும் திரைதான் புகைப்பவர்களின் முன்பல் ஈறில் வரும் கறுப்பு. விட்டுவிட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மங்கிப் போகும். அடுத்தது, வெள்ளி அடைத்த பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் ஒரு சாம்பல் நீலப் பொட்டு. அடைக்கும்போது உலோகத் துகள் சவ்வுக்குள் புகுந்துகொள்வதால் வருவது. பச்சை குத்தினதுபோல அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது. ஈறின் விளிம்பில் மட்டும் மெல்லிய நீலக்கோடு ஓடினால், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். பழைய பேட்டரியை உருக்கும் பட்டறை ஆட்களுக்கு ஈயம் உடம்பில் ஏறினால் இந்தக் கோடு வரும். லண்டனில் ஹென்றி பர்ட்டன் 1840லேயே எழுதி வைத்தது.

மாத்திரைகளும் நிறம் மாற்றும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சிலருக்கு மேலண்ணத்தில் நீலச் சாம்பல் பூசும். பருவுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் மினோசைக்ளினும் அப்படியே. தொழுநோய் மருந்தான குளோஃபாசிமின் தோலையே கறுக்க வைக்கும், மருந்தை முடித்த பிறகு மெதுவாகத் தெளியும். நிறத்துக்குப் பயந்து அதைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு வகை உண்டு: உதட்டில் ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், எரிச்சலோடு சிவந்து பிறகு கருநீலத் தழும்பாக நிற்கும். வலி மாத்திரையோ, வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கோ சாப்பிட்ட அன்றுதான் வரும். எந்த மாத்திரை என்று கண்டுபிடித்து, அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்.

குழந்தையின் உதட்டைச் சுற்றியும், கன்னத்தின் உள்ளேயும் மிளகைத் தூவினாற்போல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்து, கூடவே அடிக்கடி வயிற்று வலியும் வந்தால் அலட்சியம் வேண்டாம். பியூட்ஸ் - ஜெகர்ஸ் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். குடலுக்குள் சதைவளர்ச்சிகள் இருக்கும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்தும், பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பும் இருப்பதால் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு தேவை. உதட்டுப் புள்ளிகள் பெரியவரானதும் மங்கிவிடலாம். வாய்க்குள் இருப்பவை பெரும்பாலும் மங்குவதில்லை.

மேலண்ணத்திலோ மேல் ஈறிலோ ஒரே ஒரு கறுப்புத் திட்டு, ஓரம் ஒழுங்கில்லாமல், மாதத்துக்கு மாதம் பெரிதாகி, மேடிட்டு, ரத்தம் கசிந்தால், அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். அபூர்வம்தான். ஆனால், காத்திருக்கக் கூடாதது. கறுப்புத் தோல்காரர்களுக்கு இந்தப் புற்றுநோய் வராது என்பதும் சரியில்லை. நமக்கு வந்தால் வெயில் படாத உள்ளங்கால், நகத்தடி, வாய் போன்ற இடங்களில் வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். 1981ல், 36 வயதில் இறந்துபோனார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கறுப்பைக் கண்டு இவ்வளவு பயப்படும் நாம், வாய்க்குள் வெள்ளையைக் கண்டால் பேசாமல் இருந்துவிடுகிறோம். வாயைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் தூக்கம் கெடுவது வெள்ளையாலும் சிவப்பாலும்தான். புகையிலை, பாக்கு போடுபவரின் கன்னத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். வெல்வெட் துணிபோல் சிவந்த திட்டு என்றால் அதைவிட மோசம். பாக்குப் பொட்டலம் மெல்லும் பையன்களுக்கு வாயின் உட்புறம் பளிங்குபோல் வெளுத்து, இறுகி, மூன்று விரல் வைக்குமளவு கூட வாய் திறக்க முடியாமல் போகிறது. அவர்கள் யாரும் ‘என் வாய் வெளுத்துவிட்டது’ என்று என்னிடம் வருவதில்லை. பரோட்டா காரம் தாங்கவில்லை என்றுதான் வருகிறார்கள்.

தோல் விஷயத்துக்கு வருகிறேன். நான் பல் மருத்துவர், அந்த எல்லை எனக்குத் தெரியும். ஆனால், என் நாற்காலியில் சாய்ந்தவர்களின் கழுத்தும் முகமும்தான் என் கண்ணுக்கு முதலில் தெரிகிறது.

குழந்தையின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் ‘குளிக்கும்போது தேய்க்கவே மாட்டேங்கிறான்’ என்று அம்மாக்கள் திட்டுவார்கள். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் பெரும்பாலும். எடையையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் இன்னும்தான் கறுக்கும். முதுகிலும் முழங்காலுக்குக் கீழும் நாரோ நைலான் நாரோ போட்டு வருடக்கணக்கில் தேய்ப்பவர்களுக்கு அந்த உராய்வே கறுப்பைக் கொண்டுவந்துவிடும். விரல் மூட்டுகள் மட்டும் திடீரென்று கறுத்தால், பால்கூடச் சாப்பிடாத சுத்த சைவக்காரர்களாக இருந்தால், வைட்டமின் பி12 பார்க்கச் சொல்வேன். ஊசி போட்ட சில மாதங்களில் தெளிந்துவிடும்.

கன்னத்தில் வரும் மங்குக்கு வெயில், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, பரம்பரை என்று காரணங்கள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, அதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கும் க்ரீம். ஸ்டீராய்டு கலந்ததைப் பூசினால் இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கும். தோல் மெலிந்து, வெயிலில் எரிந்து, முடியும் பருவும் முளைக்கும். இப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் விதி கொண்டுவந்தார்கள். உங்கள் தெருமுனைக் கடையில் கேட்டுப் பாருங்கள், விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் வெள்ளையாகிறதா? பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி வாசகியின் லேசருக்கு வருவோம். செய்யலாம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் மேல்சவ்வைக் கத்தியாலோ லேசராலோ சீவி எடுப்பதுதான் சிகிச்சை. ஓரிரு வாரத்தில் புதுச் சவ்வு ரோஸ் நிறத்தில் வளரும். ஆனால், மெலனோசைட் மறுபடி குடியேறும். சிலருக்கு ஆறு மாதத்தில், சிலருக்கு சில வருடத்தில் பழையபடி கறுத்துவிடும். ஈறு மெலிதாக இருப்பவர்களுக்குச் செய்யப் போய் வேர் வெளியே தெரிந்த கதையும் உண்டு. செய்துகொள்வது உங்கள் விருப்பம், கேட்டால் நானும் செய்வேன். பெண் பார்க்க வருவதற்காக மட்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். அடுத்த மாதம் என்றால் நாள் குறைவு, சிவந்து புண்ணாக இருக்கும் ஈறோடு உட்கார வேண்டியிருக்கும். இப்போதைக்கு ஒரு கிளீனிங் போதும். வருகிற மாப்பிள்ளையையும் ஒரு முறை வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் ஈறும் கறுப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கொத்தனாருக்குக் காசநோய் மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துத் தொடங்கினார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்பதால், அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. காசநோய் மருந்து முடிந்துவிட்டது. ஸ்டீராய்டு மட்டும் ஆயுளுக்கும். க்ரீமில் விஷமாகும் அதே ஸ்டீராய்டுதான் இவருக்கு உயிர். ஒரு நாளும் தானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பல்லுக்காக மறுபடி வந்தார். அவருடைய டாக்டரிடம் போனில் பேசி, அன்றைய மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டு, காலை நேரத்தில் பல்லை எடுத்தேன். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தின் உள்ளே மைத்திட்டு மங்கலாக இன்னும் இருந்தது.

“வேலைக்குப் போறாரா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“போறாரும்மா. சாரத்துலயும் ஏறுறாரு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஊறுகா பாட்டிலு இப்ப ரெண்டு மாசம் வருது.”